உப்பில்லா விருந்து

மழை ஓய்ந்த மாலை வேளையில் பெட்ரோல் பங்க் வாசலில் தேங்கிக் கிடக்கும் நீரின்மேல், எங்கிருந்தோ சொட்டிய ஒரு துளி எண்ணெய் விழுந்து, நொடியில் பரந்து, ஊதாவும் பச்சையும் பொன்னிறமுமாக மாறி மாறி மின்னுகிற வேடிக்கையைச் சிறு வயதில் நின்று ரசிக்காதவர்கள் நம்மில் இருக்கமாட்டார்கள். காசிமேட்டில் விசைப்படகுகள் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் இடத்திலும் இதே வர்ணஜாலம் உண்டு. சில நாள் கழித்து மறுபடியும் அங்கே போனால் புதிதாகச் சிந்திய எண்ணெய் மின்னிக்கொண்டிருக்குமே ஒழிய, முன்பு பார்த்த பழைய எண்ணெய் இராது. அது எங்கே போயிற்று என்ற கேள்வி எழுவதும், எழுந்த வேகத்திலேயே மறந்துபோவதும் சகஜம்.

மறக்காமல் அதைக் கொஞ்சம் பின்தொடர்ந்து போவோம். கடலில் எண்ணெயைக் கொட்டுகிறவன் மனிதன் மட்டுமே என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில், மனிதன் கட்டுமரம் கட்டக் கற்றுக்கொள்வதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பிருந்தே, கடலடித் தரையின் வெடிப்புகள் வழியாகக் கச்சா எண்ணெய் தானாகவே ஊறிக் கசிந்துகொண்டிருக்கிறது. இவ்வாறு கசிவது ஆண்டுக்கு ஏறத்தாழ 6,00,000 டன் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 2003-இல் மதிப்பிட்டது. அந்த வேகத்தை மாற்றாமல் வைத்துக்கொண்டு ஒரு சிறு கணக்குப் போட்டால், பத்துக் கோடி ஆண்டுகளில் உலகக் கடல்களின் மேற்பரப்பு முழுவதும் ஏறக்குறைய ஒரு சாண் கனத்துக்கு எண்ணெய் மூடியிருக்க வேண்டும் என்று வருகிறது. பூமியின் வயதை நோக்கப் பத்துக் கோடி ஆண்டு பெரிய காலம் அன்று. ஆயினும் கடல் நீலமாகத்தான் இருக்கிறது.

இது புதிரின் முதற்பாதி. 1989-ஆம் ஆண்டில் அலாஸ்காவில் ஒரு கப்பலிலிருந்து கொட்டிய எண்ணெய், இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் சில கடற்கரைகளில் குழி தோண்டிய இடத்தில் பிசுபிசுவென்று இருந்தது என்பது அதன் மறுபாதி. யுகயுகாந்தரமாக வந்த எண்ணெயையெல்லாம் ஜீரணித்த கடலுக்கு, ஒரு கப்பல் சரக்கு ஏன் செரிக்கவில்லை?

எண்ணெயைத் தின்னும் உயிர்கள்

பூமிக்கடியிலிருந்து வரும் கச்சா எண்ணெய் என்பது ஒரே பொருள் அன்று; ஆயிரக்கணக்கான பொருள்களின் கலவை. அவற்றுள் பெரும்பாலானவை கரியும் ஹைட்ரஜனும் மட்டுமே கோத்துக்கொண்ட ஹைட்ரோகார்பன்கள். அவற்றை இந்த அத்தியாயத்தில் ‘கரிமாலைகள்’ என்று அழைப்போம். சில மாலைகள் நேராக நீண்டிருக்கும்; சில கிளைவிட்டிருக்கும்; சில வளையமாக மூடிக்கொண்டிருக்கும். தார்போல் கனத்த பகுதியில் வளையங்கள் பின்னிப் பிணைந்து சிக்கலாகிக் கிடக்கும்.

நமக்கு எரிபொருளாகத் தோன்றும் இந்தச் சரக்கு, சில நுண்ணுயிர்களுக்குச் சாதாரண ஆகாரம். எண்ணெய் தின்னும் கிருமிகளைப் பற்றி அதுவரை தெரிந்திருந்த விஷயங்களையெல்லாம் திரட்டி, அமெரிக்கக் கடல் நுண்ணுயிர் ஆராய்ச்சியாளரான கிளாட் ஸோபெல் 1946-ஆம் ஆண்டிலேயே விரிவான கட்டுரை ஒன்று எழுதியிருக்கிறார். ஆகையால் இது நேற்றுக் கண்டுபிடித்த அதிசயம் அன்று. வட கடலிலுள்ள போர்க்கும் தீவின் பெயரைத் தாங்கி, 1998-இல் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமான ‘அல்கனிவோராக்ஸ் போர்க்குமென்சிஸ்’ என்ற கிருமியின் போஜனப் பழக்கம் விசித்திரமானது. மற்றக் கிருமிகள் ஓடி வந்து மொய்க்கும் சர்க்கரையை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை; கரிமாலைதான் அதற்குச் சோறு. தூய்மையான கடல்நீரில் எங்கோ ஒன்றிரண்டாக ஒதுங்கிக் கிடக்கும் இந்த உயிர், எண்ணெய் வந்து சேர்ந்ததும், உடன் வேண்டிய சத்துகளும் கிடைத்துவிட்டால், சில நாட்களுக்குள் பெருகி அந்த இடத்தின் பெரும்பான்மைக் குடியாகிவிடும்.

தின்னும் விதமும் ரசமானதுதான். எண்ணெய்க்குள் மூழ்கி வாழ எந்தக் கிருமியாலும் இயலாது. அதற்கு நீர் வேண்டும். ஆகவே எண்ணெயும் நீரும் சந்திக்கும் எல்லையில் போய் ஒட்டிக்கொண்டு, சோப்பு போன்ற ஒரு பொருளைத் தானே சுரந்து, எண்ணெயைச் சிறுசிறு துளிகளாகச் சிதறடிக்கிறது. பிறகு கரிமாலையின் ஒரு முனையில் பிராணவாயுவைப் பொருத்துகிறது. இந்த ஒரு காரியம் நடந்தேறிவிட்டால் மாலை கொழுப்பமிலமாக மாறிவிடும். அதன்பின் நாம் உண்ட நெய்யை நம் உடம்பு எப்படி இரண்டிரண்டு கரியணுக்களாகக் கத்தரித்து எரிக்கிறதோ அப்படியே அதுவும் எரிக்கிறது. நேர் மாலைகள் முதலில் தீர்ந்துபோகும், கிளைவிட்டவை அதற்கடுத்து, வளையங்களுக்குக் காலம் பிடிக்கும். தார்ப்பகுதியைப் பெரும்பாலும் எந்தக் கிருமியும் தொடுவதில்லை. நாம் சாலையில் கொட்டிப் பரப்பும் தார் பல ஆண்டுகள் நிலைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

1989 மார்ச் 24

அலாஸ்காவின் தென்கரையில் பிரின்ஸ் வில்லியம் ஸவுண்ட் என்ற விரிகுடா இருக்கிறது. பனிமலைகளும், நீர்விளிம்பு வரை இறங்கி வரும் ஊசியிலைக் காடுகளும், சிதறிக் கிடக்கும் தீவுகளுமாக அமைந்த அதன் வழியே, வால்டீஸ் துறைமுகத்தில் கச்சா எண்ணெய் ஏற்றிக்கொண்டு தெற்கே புறப்பட்ட ‘எக்ஸான் வால்டீஸ்’ என்ற கப்பல், மார்ச் 24-ஆம் தேதி நள்ளிரவு கடந்த சில நிமிஷங்களில் பிளை என்ற பாறைத்திட்டில் மோதிக்கொண்டது. ஏறக்குறைய 4 கோடி லிட்டர் எண்ணெய் கடலில் கலந்தது. காற்றும் நீரோட்டமும் அதைத் தென்மேற்காக அடித்துக்கொண்டு போக, காலக்கிரமத்தில் ஏறத்தாழ 2,000 கிலோமீட்டர் நீளக் கரையில் ஆங்காங்கே அதன் கறை படிந்தது.

அந்தக் கரைகளை நமது மெரீனாவைப் போன்ற மணற்பரப்பாக நினைத்துக்கொள்ளக் கூடாது. குண்டுக்கல்லும், கூழாங்கல்லும், பரலும், அவற்றினிடையே மணலும் சேறும் கலந்து அடுக்கடுக்காகப் படிந்தவை அவை. கடலும் ஆறும் கொண்டு வந்து சேர்த்த இத்தகைய படிவை ‘கரைப்படிவு’ என்போம். எண்ணெய் கல்லின் மேல் பூசிக்கொண்டதோடு நில்லாமல், கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே வழிந்து கீழே இறங்கிற்று.

அந்தக் கோடையில் 10,000-க்கும் மேற்பட்டவர்கள் கரைகளைக் கழுவ முற்பட்டார்கள். வெந்நீரைப் பெரும் அழுத்தத்தோடு பீய்ச்சி அடித்தார்கள். கறை அகன்றது, பிரத்தியட்சமாகத் தெரிந்த பலன்தான். ஆனால் எண்ணெய்க்குத் தப்பிப் பிழைத்திருந்த சிப்பிகளையும் நத்தைகளையும் கடற்பாசியையும் அந்த வெந்நீர் அவித்துக் கொன்றது. மேலிருந்த எண்ணெயில் ஒரு பகுதியைக் கீழ்க்கரைக்கு அடித்துத் தள்ளியதும் அதுவே. கழுவாமல் விட்ட கரைகளில் உயிரினங்கள் சீக்கிரமாகத் திரும்பி வந்ததைப் பிற்கால ஆராய்ச்சியாளர்கள் சில இடங்களில் கண்டார்கள். அழுக்கைக் கண்டதும் கழுவத் தோன்றுவது மனித சுபாவம். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. கழுவுவதனால் அழுக்கு அழிவதில்லை, இடம்தான் மாறுகிறது என்ற பழைய உண்மை, பத்திரிகைக்காரர்களும் காமிராக்களும் சூழ்ந்து நின்ற அந்த வேளையில் யாருக்கும் நினைவு வரவில்லை.

நான்கு மூட்டை யூரியா

இதற்கிடையே அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையைச் சேர்ந்த விஞ்ஞானிகள் வேறொரு கோணத்தில் யோசித்தார்கள். கரையில் எண்ணெய் தின்னும் கிருமிகள் இல்லையா என்று அவர்கள் பார்த்தபோது, இருந்தன. கறைபடிந்த இடங்களில் எக்கச்சக்கமாகப் பெருகியும் இருந்தன. அக்கரையோரத்து ஊசியிலை மரங்களின் பிசின் நெடுங்காலமாக நீரில் கலந்து வந்ததால் கரிமாலை தின்னும் பழக்கம் அவ்விடத்துக் கிருமிகளுக்கு முன்னரே இருந்திருக்கலாம் என்ற கருத்தும் உண்டு. குளிரும் பெரிய தடையாக இல்லை. அப்படியானால் அவை ஏன் மந்தமாக வேலை செய்தன?

‘உப்பில்லாப் பண்டம் குப்பையிலே’ என்பது நம் வீட்டுப் பழமொழி. கிருமிகளின் நிலையும் ஏறக்குறைய அதுதான். எண்ணெயில் கரி மலைபோல் இருக்கிறது. ஆனால் உடம்பு கட்டுவதற்குக் கரி மட்டும் போதாது. நம் உழவர்கள் தழைச்சத்து என்று சொல்லும் நைட்ரஜனும், மணிச்சத்து என்று சொல்லும் பாஸ்பரஸும் வேண்டும். கச்சா எண்ணெயில் இவை கிருமிக்குப் பயன்படும் வடிவத்தில் அனேகமாக இல்லை. கடல்நீரிலோ மிகவும் சொற்பம். அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் அட்லஸும் ரிச்சர்ட் பார்த்தாவும் 1972-லேயே, கடல்நீரில் மிதக்கும் எண்ணெய்க்கு இவ்விரு சத்துகளையும் சேர்த்தால் கிருமிகள் அதைத் துரிதமாகச் சிதைக்கின்றன என்று பரிசோதனை செய்து காட்டியிருந்தார்கள்.

இந்தப் பற்றாக்குறை எவ்வளவு என்பதை ஒரு கிலோ எண்ணெயை வைத்துக்கொண்டு பார்த்துவிடுவோம். அதில் கரி ஏறக்குறைய 850 கிராம். நூறு பங்கு கரிக்குப் பத்துப் பங்கு தழைச்சத்தும் ஒரு பங்கு மணிச்சத்தும் வேண்டும் என்பது இத்துறையில் வழங்கும் உத்தேச விதி. நம் ஊரில் ஏக்கருக்கு இத்தனை மூட்டை என்று சொல்வதைப் போன்றதொரு வயற்கணக்கு. அதன்படி 85 கிராம் தழைச்சத்தும் 8.5 கிராம் மணிச்சத்தும் வேண்டும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு தழைச்சத்து. ஆகவே ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய 185 கிராம் யூரியா. ஒரு டன் எண்ணெய்க்கு 185 கிலோ, அதாவது 45 கிலோ மூட்டையில் நான்கு மூட்டை. இதைக் கேட்டு யாரும் மலைத்துப்போகப் போவதில்லை.

அதே 85 கிராமைக் கடல்நீரிலிருந்தே கிருமி திரட்டிக்கொள்ள வேண்டுமானால் என்ன ஆகும்? லிட்டருக்குப் பத்தில் ஒரு மில்லிகிராம் தழைச்சத்து இருப்பதாக வைத்துக்கொண்டால் 8,50,000 லிட்டர் நீர் வேண்டும். சென்னையில் வீடுகளுக்குத் தண்ணீர் கொண்டுவரும் 12,000 லிட்டர் லாரிகளில் எழுபது லாரிகளுக்கும் அதிகம். அத்தனையும் ஒரே ஒரு கிலோ எண்ணெய்க்கு! புதிரின் முதற்பாதிக்கு விடை இங்கே இருக்கிறது. கடலடியில் சிறுகச் சிறுகக் கசிந்து, பரந்த சமுத்திரத்தில் விரவிப் போகும் எண்ணெய்க்கு அந்த எழுபது லாரி நீர் எளிதில் கிடைத்துவிடுகிறது. கப்பல் உடைந்து ஒரே இராத்திரியில் கொட்டி, கரையிலே கனமாகப் படிந்த எண்ணெய்க்கு அது கிடைப்பதில்லை. கடலின் ஜீரண சக்தியில் கோளாறு ஏதும் இல்லை. இலை நிறையச் சோற்றைக் குவித்துவிட்டுத் தொட்டுக்கொள்ள ஒன்றும் வைக்கவில்லை என்பதே விஷயம்.

வெண்ணிறக் கட்டம்

சரி, உரம் போடலாம் என்று முடிவாயிற்று. எப்படிப் போடுவது? வயலுக்கு வரப்பு உண்டு, கடற்கரைக்கு இல்லை. நாளுக்கு இரண்டு முறை ஆளுயரத்துக்கு மேல் ஏறி இறங்கும் அலாஸ்கா ஓதத்தில், யூரியாவை அப்படியே வீசினால் முதல் ஏற்றத்திலேயே கரைந்து கடலோடு போய்விடும். மிதமிஞ்சிப் போட்டாலோ அம்மோனியா மீன்குஞ்சுகளுக்கு விஷமாகும். யூரியாவை வேப்பம்பிண்ணாக்கோடு கலந்து வைத்திருந்து மெல்ல மெல்லச் சத்து இறங்கும்படி செய்யும் நம் உழவரின் யுக்தி இந்த இடத்தில் நினைவுக்கு வருகிறது. அலாஸ்காவிலும் அந்த வழியையே நாடினார்கள். ‘கஸ்டம்பிளென்’ என்ற குருணை உரம் தாவர எண்ணெயால் ஆன மெல்லிய ஓடு போர்த்தியது. ஓட்டின் வழியே சத்து பல வாரங்களுக்குக் கசிந்துகொண்டிருக்கும். ‘இனிப்போல்’ என்ற மற்றொன்று பிரெஞ்சுக்காரர்கள் தயாரித்த திரவம். யூரியாக் கரைசலைக் கொழுப்பமிலத்தால் போர்த்திச் செய்தது. எண்ணெயோடு எண்ணெயாக ஒட்டிக்கொள்வதால் அலை அதை அடித்துக்கொண்டு போவதில்லை. அதில் சேர்ந்திருந்த ஒரு கரைப்பான் உடம்புக்கு ஆகாதாகையால் அதைத் தெளித்தவர்கள் தக்க காப்புடை அணிய வேண்டியிருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

1989 ஜூன் மாதத்தில் நைட் தீவிலுள்ள ஸ்னக் துறையில் சில கட்டங்களை அளந்து, சிலவற்றுக்கு உரமிட்டு, சிலவற்றைச் சும்மா விட்டார்கள். இரண்டு மூன்று வாரம் சென்றபின், ஹெலிகாப்டரில் மேலே பறந்தவர்கள் கண்ட காட்சி இத்துறையின் சரித்திரத்தில் பிரசித்தமானது. கறுத்துக் கிடந்த கரையின் நடுவே, இனிப்போல் தெளித்த கட்டம் மட்டும் யாரோ அளவுகோல் வைத்து வெட்டி எடுத்ததுபோல் வெளுத்துத் தெரிந்தது.

காட்சி அற்புதந்தான். ஆனால் விஞ்ஞானத்தில் அற்புதமான காட்சியே முதலில் சந்தேகத்துக்குரியது. அந்தத் திரவத்தில் சோப்பின் குணமுள்ள பொருளும் இருந்தது. எண்ணெயைக் கிருமி தின்னாமல், சோப்பு கழுவிக் கடலில் விட்டிருந்தால்? அப்படியானால் இதற்கும் வெந்நீருக்கும் என்ன வித்தியாசம்? இந்த ஐயத்தைத் தீர்க்க, வேறோரிடத்தில் சோப்போ கொழுப்போ இல்லாமல் வெறும் உரநீரை மட்டும் தோட்டத்துத் தெளிப்பான்போன்ற குழாய்களால் தெளித்துப் பார்த்தார்கள். அங்கும் கற்கள் வெளுத்தன. சந்தேகம் பாதி தீர்ந்தது. மறுபாதியைத் தீர்க்க, கல்லில் எஞ்சியிருந்த எண்ணெயையே சாட்சிக் கூண்டில் ஏற்ற வேண்டியிருந்தது.

அரிசியும் கல்லும்

இந்தப் பகுதியைத்தான் இம்முயற்சி முழுவதிலும் மிக உயர்ந்த சாதனையாக நான் மதிக்கிறேன். உரமிட்டதை அன்று, அளந்ததை.

அளப்பதில் என்ன சிரமம் என்று கேட்கலாம். ஒரு கரையில் இன்று ஒரு வாளிப் பரலை அள்ளி அதிலுள்ள எண்ணெயை நிறுத்துப் பார்க்கிறோம். ஒரு மாதம் கழித்து மற்றொரு வாளி அள்ளுகிறோம். இரண்டாவது வாளியில் எண்ணெய் குறைவாக இருந்தால் கிருமி தின்றதென்று சொல்லிவிட முடியுமா? முதல் வாளி அள்ளிய இடத்தில் எண்ணெய் கனமாகவும், இரண்டு அடி தள்ளி மெல்லியதாகவும் படிந்திருக்கலாம். அலை அடித்துச் சென்றிருக்கலாம். கரையில் எண்ணெய் திட்டுத்திட்டாக இருப்பதால் எடைக் கணக்கு எதையும் நிரூபிக்காது.

கல் கலந்த அரிசி மூட்டை ஒன்று முற்றத்தில் திறந்து கிடப்பதாக வைத்துக்கொள்வோம். 1,000 மணி அரிசிக்கு 2 கல் என்ற விகிதம். சிட்டுக்குருவிகள் வந்து கொத்துகின்றன. அரிசியைத் தின்னும், கல்லைத் தின்னா. நடுவே யாரோ ஒரு படி அள்ளிக்கொண்டு போகிறார்கள். காற்றில் கொஞ்சம் சிந்துகிறது. மாலையில் வந்து, மூட்டை முதலில் எவ்வளவு இருந்தது என்று தெரியாமலே, ஒரு பிடியை மட்டும் எடுத்துப் பொறுக்கிப் பார்க்கிறோம். 2 கல்லுக்கு 400 மணி அரிசிதான் இருக்கிறது. உடனே சொல்லிவிடலாம்: குருவிகள் நூற்றுக்கு அறுபது பங்கு தின்றுவிட்டன. அள்ளிக்கொண்டு போனவர் அரிசியையும் கல்லையும் சேர்த்தே கொண்டு போயிருப்பார். சிந்தியதும் சேர்ந்தே சிந்தியிருக்கும். விகிதத்தை மாற்றக்கூடியது பொறுக்கித் தின்னும் வாய் ஒன்றுதான்.

எண்ணெயில் அப்படி ஒரு ‘கல்’ வேண்டும். கிருமியின் பல்லுக்கு அகப்படாத ஒரு பொருள். முதலில், கிளைவிட்ட கரிமாலைகள் இரண்டைக் கல்லாகக் கொண்டு கணக்கிட்டார்கள். அலாஸ்காக் கிருமிகளோ சில வாரங்களில் அந்தக் கற்களையும் தின்னத் தொடங்கிவிட்டன! கடைசியில் ‘ஹோப்பேன்’ என்ற பொருளிடம் வந்தார்கள். ஐந்து வளையங்கள் ஒன்றோடொன்று இறுகப் பிணைந்த இது எண்ணெயில் மிகச் சொற்பமாகவே உண்டு. ஆனால் ஆராய்ச்சிக் காலத்துக்குள் கிருமிகள் அதைத் தொடுவதில்லை. அதன் பூர்வோத்தரம் கேட்கத்தக்கது. கோடானுகோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்து மடிந்த நுண்ணுயிர்களின் மேற்சவ்வில் இருந்த ஒருவகைக் கொழுப்பே, பூமிக்கடியில் எண்ணெயோடு எண்ணெயாகக் கிடந்து ஹோப்பேனாக மாறிற்று. இன்றைய கிருமிகள் தின்ற கணக்கை, செத்துப்போன பழங்காலக் கிருமிகளின் எச்சம் எழுதி வைக்கிறது.

இந்த முறையைக் கொண்டு பிராக், பிரின்ஸ், ஹார்னர், அட்லஸ் ஆகிய நால்வரும் 1994-இல் ‘நேச்சர்’ பத்திரிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். உரமிட்ட கரைகளில் எண்ணெய் சிதையும் வேகம், இடத்துக்கும் எண்ணெயின் கனத்துக்கும் தக்கபடி, இரண்டு முதல் ஐந்து மடங்கு வரை கூடியிருந்தது. வேகத்தை நிர்ணயித்தது கல்லிடுக்கிலுள்ள நீரில் எந்த நேரத்தில் எவ்வளவு தழைச்சத்து இருந்தது என்பதே; எவ்வளவு உரம் கொட்டினார்கள் என்பது இரண்டாம்பட்சம். இவர்களில் சிலர் எண்ணெய்க் கம்பெனியின் சம்பளத்தில் இருந்தவர்களாயிற்றே என்று வாசகர் புருவத்தை உயர்த்தினால் அதில் தப்பில்லை. 1990-இல் நடந்த அளவீட்டில் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையும் அலாஸ்கா மாநில அரசும் கூடவே பங்குகொண்டன என்பதை அதற்குச் சமாதானமாகச் சொல்லலாம்.

1989 முதல் 1991 வரை அந்தக் கரைகளுக்கு இட்ட தழைச்சத்து ஏறக்குறைய 50 டன். மணிச்சத்து 5 டன். நம் வயற்கணக்கின்படி 50 டன் தழைச்சத்து 600 டன் எண்ணெய்க்குக்கூடப் போதாது. செத்த கிருமியிலிருந்து விடுபடும் சத்தை அடுத்த தலைமுறை எடுத்துக்கொள்வதால் கணக்கு சற்று நீளும் என்றாலும், கொட்டியது ஏறக்குறைய 37,000 டன் என்பதை மறக்கலாகாது. அதில் ஒரு பகுதி ஆவியாயிற்று. ஒரு பகுதி கடலில் சிதறிக் கரைந்தது. ஒரு பகுதியை மனிதர் அள்ளினர். உரம் பேசியது எஞ்சியதில் ஒரு பங்கோடு மட்டுமே.

விதைப்பதா, உரமிடுவதா?

கிருமியையே மூட்டையாகக் கொண்டுவந்து தூவினால் என்ன என்ற கேள்வி இதற்குள் வாசகர் மனத்தில் எழுந்திருக்கும். உலகத்துக்கே எழுந்த கேள்விதான் அது. வங்காளத்தில் பிறந்து அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியின் ஆராய்ச்சிசாலையில் பணிபுரிந்த ஆனந்த மோகன் சக்கரவர்த்தி, வெவ்வேறு வகைக் கரிமாலைகளைச் சிதைக்கும் திறன்களைப் பல கிருமிகளிடமிருந்து ஒரே கிருமிக்குள் சேர்த்து வைத்தார். உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை தரலாமா என்ற வழக்கு அதனால் மூண்டு, அமெரிக்க உச்சநீதிமன்றம் வரை சென்று, 1980-இல் ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில் அவர் பக்கம் தீர்ப்பாயிற்று. சட்டத்தின் சரித்திரத்தில் அழியாத இடம் பெற்ற அந்தக் கிருமி, எண்ணெய்க் கசிவின் சரித்திரத்தில் இடம் பெறவே இல்லை. எந்தக் கடற்கரையிலும் அதை இறக்கவில்லை.

காரணம் எளிது. கிருமி பற்றாக்குறையாக இருந்த இடம் கிடைப்பது அரிது. அலாஸ்காவிலேயே 1990-இல், டிஸ்க் தீவில், கடையில் விற்ற இரண்டு கிருமிச் சரக்குகளைச் சோதித்தார்கள். குறிப்பிடத்தக்க ஆதாயம் ஒன்றும் தென்படவில்லை. அதைவிடத் தெளிவான பரிசோதனையை 1994 கோடையில் டெலவேர் விரிகுடாவின் ஃபௌலர் கடற்கரையில் ஆல்பர்ட் வெனோஸாவும் கூட்டாளிகளும் நடத்தினார்கள். நைஜீரியக் கச்சா எண்ணெயை வேண்டுமென்றே மணற்கட்டங்களில் ஊற்றினார்கள். சில கட்டங்களுக்கு ஒன்றும் செய்யவில்லை, சிலவற்றுக்கு உரம், சிலவற்றுக்கு உரத்தோடு, அந்தக் கரையிலிருந்தே எடுத்துப் பீப்பாயில் வளர்த்த கிருமிகள். எந்தக் கட்டத்துக்கு எது என்பதைச் சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல் தற்செயலுக்கு விட்டார்கள். உரம் வேகத்தை ஓரளவு கூட்டிற்று. கிருமி அதற்குமேல் ஒன்றும் கூட்டவில்லை. எதிர்பாராத விசேஷம் என்னவென்றால், ஒன்றும் செய்யாத கட்டங்களிலும் எண்ணெய் நல்ல வேகத்தில் சிதைந்தது. அந்த விரிகுடாவின் நீரில் தழைச்சத்து முன்னமே தாராளமாக இருந்தது. இத்தகைய கரையில் மெய்யாகவே ஒரு கசிவு நேர்ந்தால், கிருமிகளை அவற்றின் போக்கில் விட்டுவிடுவதே போதுமானதாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினார்கள். உரமிட்டுப் பார்க்கப் போனவர்கள், உரம் வேண்டாத கரையும் உண்டு என்று சொல்லித் திரும்பியது எனக்கு மிகவும் பிடித்த முடிவுகளில் ஒன்று.

ஆனால் உரத்துக்கும் கிருமிக்கும் முன்னே செய்ய வேண்டிய காரியம் ஒன்றுண்டு. 2017 ஜனவரி 28-ஆம் தேதி எண்ணூருக்கு அப்பால் இரு கப்பல்கள் மோதியபோது வந்து ஒதுங்கியது கச்சா எண்ணெய்கூட அன்று. தார்ப்பகுதி மிகுந்த கனத்த எரியெண்ணெய். மீனவர்களும் மாணவர்களும் கடலோரக் காவல் படையினரும் வாளி வாளியாக அதை அள்ளிக் கைமாற்றிய காட்சியைக் கண்டு பலர் நகைத்தார்கள். வெளிநாட்டுப் பத்திரிகைகளும் வியந்தன. இயந்திரங்கள் ஏன் இல்லை என்ற கேள்வி நியாயமானது. ஆனால் கனமாகக் குவிந்து கிடக்கும் எண்ணெயை முதலில் அள்ளுவதே சரியான முறை. விரல் கனத்துக்குக் கிடக்கும் கூழை எந்தக் கிருமியாலும் உடனே ஒன்றும் செய்ய முடியாது. அதன் வேலை, அள்ளியபின் எஞ்சும் மெல்லிய பூச்சில்தான் தொடங்குகிறது.

மூச்சு முட்டும் இடம்

புதிரின் மறுபாதி இன்னும் தீரவில்லை. உரமும் இட்டார்கள், கிருமிகளும் பெருகின, வேகமும் ஐந்து மடங்கு வரை கூடிற்று. பின்னர் ஏன் இருபது ஆண்டுக்குப் பிறகும் எண்ணெய்?

கரிமாலையின் முனையில் பிராணவாயுவைப் பொருத்துவதுதான் முதற்காரியம் என்று முன்னே சொன்னோம். அந்த வாயு எவ்வளவு வேண்டும் தெரியுமா? ஒரு கிலோ எண்ணெயை முற்றிலும் எரித்து முடிக்க 3.4 கிலோ அளவுக்கு. காற்றில் இருக்கும் கிருமிக்கு அது பெரிதன்று. நீரில் கரைந்த வாயுவை நம்பியிருப்பதற்கோ, லிட்டருக்கு 8 மில்லிகிராம் என்ற கணக்கில், 4,25,000 லிட்டர் நீர் வேண்டும். நம் தண்ணீர் லாரியில் முப்பத்தைந்து. கரைக்கு மேல் ஓதம் ஏறி இறங்குகையில் நாள்தோறும் புது நீரும் புதுக் காற்றும் வந்துபோகும். கரைக்கு அடியிலே?

மிஷெல் பூஃபாடெலும் ஹாய்லாங் லீயும் 2010-இல் ‘நேச்சர் ஜியோசயன்ஸ்’ பத்திரிகையில் இதற்கு விடை எழுதினார்கள். அந்தக் கரைப்படிவு இரண்டு அடுக்கு. மேலடுக்கு தளர்ந்த பரல். நீர் சல்லடையில் இறங்குவதுபோல் இறங்கும். கீழடுக்கு நுண்மணலும் சேறும் அடைத்து இறுகியது. நீர் அதில் மிக மெதுவாகவே ஊர்ந்து செல்லும். ஓதம் வற்றும்போது மேலடுக்கில் நீர்மட்டம் தாழ்ந்த சில இடங்களில், எண்ணெய் கீழடுக்கின் முகப்பு வரை இறங்கி உள்ளே நுழைந்துகொண்டது. ஓதம் திரும்ப ஏறியபோது நீர் மேலடுக்கையே நிரப்பிற்று. எண்ணெய் கீழே பூட்டிய அறையில் அகப்பட்டதுபோல் ஆயிற்று; அங்கே பிராணவாயு இல்லை, சத்தும் இல்லை. மேலே தூவிய உரம் அந்தக் கதவைத் தட்டவே இல்லை. பிராணவாயு இன்றியே கடல்நீரிலுள்ள கந்தகச் சத்தைக் கொண்டு எண்ணெயைச் சிதைக்கும் கிருமிகளும் உலகில் உண்டு. அவற்றின் வேகத்துக்கு ஆண்டுக் கணக்குப் போதாது.

கதவு எங்கே என்று தெரிந்தபின் தட்டுவதற்கு வழி தேடினார்கள். கரையில் ஆழமாகக் குழாய் இறக்கி, பிராணவாயுவை விடுவிக்கும் ஹைட்ரஜன் பெராக்ஸைடையும் சத்துநீரையும் அழுத்தத்தோடு கீழடுக்குக்குள் செலுத்தும் பரிசோதனைகளை அதே பூஃபாடெலும் கூட்டாளிகளும் செய்தார்கள். சிறிய இடங்களில் செய்யக்கூடிய காரியம்தான். ஆயினும் அத்தனை தீவுகளிலும், குண்டுக்கற்களுக்கிடையே திட்டுத்திட்டாக ஒளிந்திருக்கும் எண்ணெயைத் தேடித் தேடிக் குழாய் இறக்குவது வேறு. அப்படித் தோண்டுவதனால் ஏற்கெனவே திரும்பி வந்துவிட்ட சிப்பிகளுக்கு என்ன நேரும் என்பதையும் எண்ண வேண்டியிருந்தது.

இதற்கிடையே மேலே எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. கற்கள் வெளுத்திருந்தன, கடற்பாசி படர்ந்திருந்தது, பறவைகள் நடந்தன. ஆராய்ச்சிக்காகச் சென்றவர்கள் ஓதம் வற்றிய நேரத்தில் மேற்கற்களை அகற்றி, ஒரு முழத்துக்குக் குறைவான ஆழத்தில் சிறு குழி ஒன்று எடுப்பார்கள். குழியில் மெல்ல நீர் ஊறி நிறையும். சில இடங்களில், அந்த நீரின் முகத்தில், ஊதாவும் பச்சையும் பொன்னிறமுமாக ஒரு பளபளப்பு பரவும்.